இன்னொரு கை

சான் அந்திரேஸ்
ஏப்ரல் 18, 1971

அன்புள்ள தொமித்திலா அக்காவுக்கு,

கசிமிரோ எழுதுகிறேன். இந்தக் கடிதம் திஹுவானா வந்து சேரும் நாளில் உங்கள் வீட்டில் காய்ச்சல், இருமல் எதுவும் இல்லாமல் எல்லாரும் நன்றாக இருக்க மாதா பார்த்துக்கொள்ளட்டும். நான் இங்கே நலம். இடுப்பு வலி பழையபடிதான். கொத்தனாருக்கு அது கூடப்பிறந்தது.

உங்கள் தங்கை ஒபேலியா, "ரெண்டு வாரம் அக்காகூட இருந்துட்டு வர்றேன்" என்று சொல்லி பஸ் ஏறினாள். இரண்டு மாதம் ஆகிவிட்டது. மூன்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. முற்றத்து மரத்தில் கடைசிக் கொய்யாக்கள் பழுத்து விழுந்து அழுகுகின்றன. கொய்யாப்பழம் போட்டு அதோலே கஞ்சி காய்ச்ச வேண்டும். ஒன்பது வருஷம் தினமும் காலையில் குடித்திருக்கிறேன். ஒருநாள்கூட அவள் காய்ச்சுவதை நின்று பார்த்ததில்லை. சோளம், வெல்லம், கொய்யா, பட்டை என்று தெரியும். அதற்குமேல் தெரியாது. சந்தையில் அதோலே விற்கும் பெண்களிடம் கேட்டால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சிரிக்கும். ஒபேலியாவிடம் கேட்டு எழுதுங்கள்.

அவள் எப்போது வருகிறாள் என்றும் கேளுங்கள். கேட்க முடியாவிட்டால் பரவாயில்லை, அதோலேயை மட்டும் கேளுங்கள்.

உங்கள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும்.

கசிமிரோ


திஹுவானா
மே 9, 1971

தம்பி கசிமிரோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடவுள் புண்ணியத்தில் எல்லாரும் சுகம். என் கடைக்குட்டிக்கு மட்டும் பல் முளைக்கிறது, அதனால் வீட்டில் ஒருத்தருக்கும் தூக்கம் இல்லை. உன் இடுப்புக்குச் சூடான செங்கல்லைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடு. உனக்குச் செங்கல்லுக்கா பஞ்சம்?

ஒபேலியா நன்றாகத்தான் இருக்கிறாள். சட்டை தைக்கும் இடத்தில் பொத்தான் கட்டும் வேலைக்குப் போகிறாள். உன் மூன்று கடிதங்களையும் பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறாள். பிரிக்கவில்லை. அவள் வந்து இறங்கிய நாளில் முகத்தில் ரத்தமே இல்லை. "என்னடி ஆச்சு, அடிச்சானா?" என்று கேட்டேன். "இல்லக்கா. கை வலிச்சுது, வந்துட்டேன்" என்றாள். கை வலித்தால் யாராவது இரண்டாயிரம் கிலோமீட்டர் பஸ்ஸில் வருவார்களா? அதற்குமேல் அவள் வாய் திறக்கவில்லை. நீயாவது சொல்.

நீ கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். சோளத்தைச் சுண்ணாம்பு போட்டு வேகவைத்து, கழுவி, மில்லில் கொடுத்து நைஸாக அரை. அந்த மாவைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்டி அடுப்பில் ஏற்று. கிண்டிக்கொண்டே இரு. வெல்லமும் பட்டையும் போடு. கொய்யாவைத் தனியாக வேகவைத்து மசித்துக் கடைசியில் சேர். அவ்வளவுதான். மலையைப் புரட்டும் வேலை இல்லை.

பக்கத்து வீட்டாரை விசாரித்ததாகச் சொல்.

தொமித்திலா


சான் அந்திரேஸ்
ஜூன் 6, 1971

அன்புள்ள அக்காவுக்கு,

கடைக்குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா? நல்லபடியாக முளைத்து எல்லாரும் தூங்க ஆரம்பித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அதோலே விஷயம் கெட்டுப்போய்விட்டது. சுண்ணாம்பு போடச் சொன்னீர்கள், எவ்வளவு என்று சொல்லவில்லை. சுண்ணாம்பு என்றால் எனக்குத் தெரியாதா, இருபது வருஷமாக அதில்தானே கை வைத்திருக்கிறேன் என்று நினைத்து, கட்டிட வேலைக் கணக்கில் ஒரு கிலோ சோளத்துக்கு இரண்டு கை அள்ளிப் போட்டேன். சோளம் மஞ்சளாகி, தோல் கழன்று, வழவழவென்று சோப்பு மாதிரி ஆகிவிட்டது. மில்காரர் அதை மோந்து பார்த்துவிட்டு, "கொத்தனாரே, இது குடிக்கவா, சுவர் பூசவா?" என்று கேட்டார். நானும் விடாமல் காய்ச்சினேன். நாக்கு பொத்துப்போயிற்று. என்கூட வேலை பார்க்கும் பிரவுலியோ ஒரு வாய் வைத்துவிட்டு, மிச்சத்தைக் கொண்டுபோய் அவன் வீட்டுக் கோழிக்கூண்டுச் சுவரில் பூசினான். நன்றாக ஒட்டிக்கொண்டது என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

சரியான அளவைக் கேட்டு எழுதுங்கள்.

எல்லாருக்கும் என் அன்பு.

கசிமிரோ


திஹுவானா
ஜூன் 30, 1971

தம்பி கசிமிரோ,

சுகமா? நாக்கு ஆறிவிட்டதா?

உன் கடிதத்தைச் சமையலறையில் உரக்கப் படித்தேன். என் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். ஒபேலியா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தோள் ஆடியது. சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் திரும்பாமலே சொன்னாள்: "அந்தக் கறுப்புப் பானைல காய்ச்ச வேணாம்னு எழுதுக்கா. அடி விரிஞ்சிருக்கு. கொய்யாவ விதை போக வடிகட்டணும். பால் ஊத்தக் கூடாது, கொய்யாவோட புளிப்புக்குத் திரிஞ்சுடும். சுண்ணாம்பு ஒரு சின்ன ஸ்பூன் போதும், அறிவுகெட்ட மனுஷன்."

நான்கு மாதத்தில் உன்னைப் பற்றி அவள் பேசியது இவ்வளவுதான். உள்ளது உள்ளபடி எழுதிவிட்டேன்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுத்திரித் திருநாளன்று, உங்கள் வீட்டில் விருந்து நடந்ததாகக் கேள்விப்பட்டேன். மூன்று ராஜாக்கள் திருநாள் ரொட்டிக்குள் வைக்கும் குழந்தைப் பொம்மை உன் துண்டில்தான் வந்ததாம், அதனால் விருந்து உன் முறையாமே. அன்றைக்கு என்ன நடந்தது? திருநாள் என்று யாராவது வாயெடுத்தாலே இவள் எழுந்து போய்விடுகிறாள்.

தொமித்திலா


சான் அந்திரேஸ்
ஆகஸ்ட் 1, 1971

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை பூசையில் வேண்டிக்கொண்டேன். இங்கே மழை. வேலை பாதிநாள்தான்.

அவள் சொன்னபடி கறுப்புப் பானையைத் தொடவில்லை. பக்கத்து மலைச்சரிவில் பருவம் தப்பிக் காய்த்த கொய்யா ஒரு தொப்பி அளவு கிடைத்தது. ஸ்பூன் கணக்கில் சுண்ணாம்பு போட்டேன். இந்தத் தடவை வாசனை சரியாக வந்தது. ஆனால் கதவைத் தட்டிய ஆளுக்குப் பதில் சொல்லிவிட்டு வருவதற்குள் அடியில் பிடித்து, கோலி குண்டு கோலி குண்டாகக் கட்டி தட்டிவிட்டது. ஒரு நிமிஷம்கூட அதை விட்டு நகர முடியாது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. முக்கால் மணி நேரம் நின்றேன். கெட்டியாக ஆக ஆகத் துடுப்பு கனக்கிறது. கொதித்துத் தெறித்து மணிக்கட்டில் மூன்று இடத்தில் கொப்புளம். இரண்டு பேர் குடிக்கிற அளவுக்கே தோள்பட்டை விட்டுப்போயிற்று. நாற்பது பேருக்கு என்றால்

மழை ஒழுகுகிறது, கூரையைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டீர்கள். திருநாளில் ஒன்றும் நடக்கவில்லை. நாற்பது பேர் வந்தார்கள். தமால் கொழுக்கட்டை, அதோலே எல்லாம் நன்றாக இருந்தது. வந்தவர்கள் திருப்தியாகப் போனார்கள்.

எல்லாருக்கும் அன்பு.

கசிமிரோ


திஹுவானா
செப்டம்பர் 26, 1971

கசிமிரோ,

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை நான் கேட்கப்போவதில்லை.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "ஒன்றும் நடக்கவில்லை" என்ற இடம் வந்ததும் ஒபேலியா கையிலிருந்த பொத்தான்களை மேஜைமேல் வைத்தாள். "நல்லா இருந்துச்சாமா?" என்று கேட்டாள். கொல்லைப்பக்கம் போய்த் துணி உலர்த்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பின்னாலேயே போனேன். அன்றைக்குத்தான் சொன்னாள்.

மூன்று மாதக் கரு கலைந்துபோயிருக்கிறது. ஒன்பது வருஷம் கழித்து வந்தது. என் தங்கை வலியோடு உன்னைக் கூப்பிட்டாள். நீ என்ன சொன்னாய் என்பதும் எனக்கு இப்போது தெரியும். இதை மறைத்துவிட்டா என்னிடம் வெல்லக் கணக்குக் கேட்டாய்?

இனி எனக்கு எழுதாதே.

தொமித்திலா


சான் அந்திரேஸ்
நவம்பர் 2, 1971

தொமித்திலா அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். ஐந்து வாரம் எழுதவில்லை. இதை ஒபேலியாவுக்குப் படித்துக் காட்டுங்கள். முடியாவிட்டால் அந்த பிஸ்கட் டப்பாவிலாவது போட்டுவிடுங்கள். எல்லாரும் சுகமாக இருங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரி முதல் வாரம் அவள் என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். ஆறாம் தேதி ரொட்டி வெட்டும்போது பொம்மை என் துண்டில் வந்தது. "அடேய், ரொட்டிலயும் பிள்ள, வயித்துலயும் பிள்ள!" என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பொம்மையைத் தூக்கிக் காட்டி, "திருநாளுக்கு எல்லாரும் வந்துடுங்க, என் பொண்டாட்டி செய்வா!" என்றேன். அவளைக் கேட்காமலே சொன்னேன்.

பொம்மை கிடைத்தவன் என்பதால் திருநாளன்று நான் குழந்தை இயேசுவின் ஞானத்தகப்பன் அல்லவா. பட்டுச் சட்டை போட்ட அந்தச் சொரூபத்தைக் கோவிலிலிருந்து ஏந்திக்கொண்டு, கூட்டத்தோடு வீட்டுக்கு வந்தேன். அவள் அடுப்படியில் பெரிய பானை முன்னால் நின்றாள். முகம் வேர்த்திருந்தது. "கசிமிரோ, இடுப்பு பிடிக்குது. கொஞ்ச நேரம் துடுப்ப வாங்கிக்கோ" என்றாள். நான், "கைல பாலகன் இருக்கே, கண்ணு தெரியலயா? அதோட இன்னொரு கை பட்டா அதோலே திரிஞ்சுடும், உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போனேன். அங்கே என் கையிலிருந்த சொரூபத்துக்கு ஒவ்வொருவராக முத்தம் கொடுத்தார்கள். அவள் கடைசிவரை கிண்டினாள். நாற்பது பேருக்கும் ஊற்றினாள். மறுநாள் மருத்துவச்சி வந்தாள்.

எங்கள் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தது அக்கா அது. தொடங்கின கைதான் முடிக்க வேண்டும், இன்னொரு கை பட்டால் மாவும் தண்ணீரும் பிரிந்து திரிந்துவிடும் என்று. நாற்பது பேர் காத்திருந்தார்கள். நான் அதை நம்பித்தான் சொன்னேன். இதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

நேற்று இறந்துபோன சின்னப் பிள்ளைகளின் ஆத்துமாக்கள் வீட்டுக்கு வருகிற நாள். வீட்டில் மேஜை போட்டுப் பூ வைத்தேன். ஒரு சின்னக் குவளையில் கொய்யா அதோலே காய்ச்சி வைத்தேன். கட்டி இல்லாமல் வந்தது. பெயர் இல்லாத பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கசிமிரோ


சான் அந்திரேஸ்
ஜனவரி 7, 1972

அக்காவுக்கும் ஒபேலியாவுக்கும்,

புது வருஷம் உங்களுக்கு நல்லபடியாகப் பிறந்திருக்கட்டும். பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் சாந்துக் கையோடு வாசலுக்கு ஓடுகிறேன். அவரே இப்போதெல்லாம் தூரத்திலிருந்தே, "இல்லய்யா, இல்ல!" என்று கையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

நேற்று பிரவுலியோ வீட்டில் ரொட்டி வெட்டினார்கள். பொம்மை அவன் மனைவி எர்லிந்தாவின் துண்டில் இருந்தது. அவளுக்கு இது ஏழாம் மாதம். பிரவுலியோ குஷியில் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனான். நான் எட்டி அந்தப் பொம்மையை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "இது என்னுது" என்றேன்.

"உனக்குத்தான் வீட்ல பொம்பள இல்லயே, யாருய்யா செய்வா?" என்று ஒருத்தர் கேட்டார்.

"நான்தான்."

"கோழிக்கூண்டு பூசுறதுக்கா?" என்றான் பிரவுலியோ. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தமாலுக்கு எர்லிந்தாவின் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அதோலே என் பொறுப்பு. நாற்பது பேர்.

சுகமாக இருங்கள்.

கசிமிரோ


சான் அந்திரேஸ்
பிப்ரவரி 3, 1972

ஒபேலியா,

நீ சுகமா? நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறது.

நேற்று விருந்து. கொய்யா நம் மரத்துக் கொய்யா. விதையை இரண்டு தடவை வடிகட்டினேன். பெரிய பானையை விறகடுப்பில் ஏற்றி, ஆறு மணிக்குத் துடுப்பைப் பிடித்தவன் விடவில்லை. ஏழரைக்கு அதோலே கெட்டியாக ஆரம்பித்தது. வலது கை மரத்துப்போயிற்று. இடது கைக்கு மாற்றினேன், அதுவும் போயிற்று. முற்றத்தில் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், பாட்டுச் சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. புகையால் இல்லை. வயிற்றில் வலி இல்லாத எனக்கே இப்படி என்றால் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

அப்போது பிரவுலியோ உள்ளே வந்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"குடு" என்றான்.

"வேணாம். இன்னொரு கை பட்டா திரிஞ்சுடும்."

"திரிஞ்சா திரியட்டும், குடுடா. கலவ கலக்குறப்போ மண்வெட்டிய என்கிட்ட குடுக்கலயா? அப்ப மட்டும் சுவரு இடிஞ்சு விழுந்துச்சா?"

என் கையிலிருந்து துடுப்பைப் பிடுங்கிக் கிண்ட ஆரம்பித்தான். நான் பானையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒபேலியா, உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன்: அது திரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நாற்பது பேரும் பட்டினி போனாலும் பரவாயில்லை, ஊரே சிரித்தாலும் பரவாயில்லை, அது திரிந்தால் போதும் என்று நின்றேன். திரிந்தால், போன வருஷம் நான் சொன்னது உண்மையாகிவிடும்.

திரியவில்லை. பளபளவென்று கெட்டியாக வந்தது. பிரவுலியோவுக்குப் பிறகு எர்லிந்தாவின் அம்மா கொஞ்சம் கிண்டினாள். அப்புறம் மறுபடி நான். மூன்று பேர் கை பட்டது. இரண்டாம் குவளை கேட்டு வாங்கிக் குடித்தார்கள். நான் குடிக்கவில்லை.

நான் அன்றைக்குத் துடுப்பை வாங்கியிருக்கலாம். பாலகனை மேஜைமேல் வைத்துவிட்டு வாங்கியிருக்கலாம். ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கு இனி சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் இல்லை. இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கசிமிரோ


திஹுவானா
பிப்ரவரி 27, 1972

கசிமிரோ,

நான் சுகம். அக்காவும் சுகம். கடைக்குட்டி இப்போது எல்லாரையும் கடிக்கிறான்.

நேற்று பிஸ்கட் டப்பாவைத் திறந்து உன் பழைய கடிதங்களையும் படித்தேன். மூன்றிலும் கூரை ஒழுகுவதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய்.

எங்கள் வீட்டில் அம்மாவும் அக்காவும் நானும் மாற்றி மாற்றித்தான் கிண்டுவோம். ஒரு தடவைகூடத் திரிந்ததில்லை. அது உங்கள் வீட்டுப் பேச்சு. கல்யாணமாகி வந்த புதிதில் உன் அம்மா அப்படிச் சொன்னபோது, பெரியவள் சொல்கிறாள் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு, "அதெல்லாம் திரியாது, வாங்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ முற்றத்துக்குப் போய்விட்டாய். நவம்பரில் நீ அந்தச் சாக்கை எழுதியபோது, அக்கா உன்னைக் கிழிகிழியென்று கிழித்துப் பதில் எழுதப் பேனாவை எடுத்தாள். நான்தான் பிடுங்கி வைத்தேன். நாங்கள் சொன்னால் உனக்கு அது எங்கள் வீட்டுப் பேச்சாகத்தான் தெரியும்.

ஒன்று தெரிந்துகொள். கிண்டியதால் குழந்தை போகவில்லை என்று மருத்துவச்சி அன்றைக்கே சொன்னாள். இங்கே பார்த்த டாக்டரும் அதையே சொன்னார். குழந்தைக்காக நான் உன்மேல் கோபப்படவில்லை. அதற்கு நான் தனியாக அழுதுகொள்கிறேன். என் கோபமெல்லாம் அந்தத் துடுப்புக்குத்தான்.

இப்போது நான் அங்கே வரமாட்டேன். நீ வா. நம் ஊர் சோளம் ஐந்து கிலோ கொண்டு வா. இங்கே கிடைப்பது மாவாகவே இல்லை. மரத்தில் கொய்யா மிச்சம் இருந்தால் பழுக்காததாகப் பார்த்துப் பறி. மூன்று நாள் பஸ்ஸில் பழுத்துவிடும். சுண்ணாம்பு கொண்டு வராதே.

அக்கா வீட்டு அடுப்பில் நீ காய்ச்சு. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். உன் கை வலித்தால் என்னைக் கூப்பிடு. துடுப்பை வாங்கிக்கொள்வேனா என்று அப்போது பார்க்கலாம்.

ஒபேலியா